முப்பத்தொன்பது அட்டைக்கு ஒரு கிலோ கவர்

பொருட்களைப் பத்திரமாக வைப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று நாற்பத்திரண்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டு மிக்ஸி வாங்கிய ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது. மிக்ஸி செத்து ஆறு வருடம் ஆகிறது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். அதாவது, அடுத்தவர் செய்ததில் குற்றம் கண்டுபிடிப்பது. அதே வேலையைச் சாயங்காலம் வீட்டில் சம்பளம் இல்லாமல் செய்கிறேன் என்பது என் கணவரின் புகார்.

அப்படிப்பட்ட எனக்கு வெளிநாட்டிலிருக்கும் தம்பி போன் செய்தான். நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை. சண்டையெல்லாம் இல்லை. தீபாவளிக்கு ஒரு வாழ்த்து, பிறந்தநாளுக்கு ஒரு கேக் படம், அவ்வளவில் நின்றிருந்தது.

"அக்கா, அடுத்த வாரம் சனிக்கிழமை வர்றேன். உன் வீட்ல மூணு நாள் இருப்பேன். கார்டையெல்லாம் எடுத்து வை. இந்தத் தடவ நான் கொண்டுபோகணும்."

"தாராளமா கொண்டுபோ."

"எல்லாம் அப்படியே இருக்குல்ல?"

"நான் வச்சது வேற எப்படிடா இருக்கும்? வாங்குன அன்னிக்கு இருந்த மாதிரி இருக்கு."

போனை வைத்த பிறகுதான் பார்க்கவே போனேன்.

அந்தக் கார்டுகள் என்பவை பபுள்கம்மோடு வந்த கிரிக்கெட் அட்டைகள். தேனிப் பக்கம் எங்கள் ஊரில் நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் பபுள்கம் வாங்கினால் உள்ளே ஓர் ஆட்டக்காரர் படம் இருக்கும். மொத்தம் நாற்பது. ஒரே ஆள் இரண்டு முறை வந்தால் வகுப்பில் மாற்றிக்கொள்ளலாம். ஒரு விக்கெட் கீப்பருக்கு மூன்று பந்துவீச்சாளர்களைக் கொடுத்த கொடுமையெல்லாம் நடந்திருக்கிறது. நாற்பதும் சேர்வதற்குள் எனக்கு இரண்டு பல் சொத்தை, தம்பிக்கு நான்கு. நாற்பதாம் எண், ஓர் இடதுகை சுழற்பந்து வீச்சாளர், ஒரு கோடை விடுமுறை முழுக்க எங்களை அலைக்கழித்துவிட்டுத்தான் வந்தார். பன்னிரண்டாம் எண் அட்டையின் பின்னால் தம்பி பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருந்தான்: "இது என்னுது. அக்கா தொடக் கூடாது." கீழே கையெழுத்து வேறு.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அட்டைகள் யாருக்கு என்ற கேள்வி வந்தது. அவன் புத்தகத்தையே பேருந்தில் மறந்துவிட்டு வருகிறவன். அதனால் நானே நீதிபதியாக உட்கார்ந்து எனக்கே தீர்ப்பெழுதிக்கொண்டேன். நான் கிளம்பும்போது காலேஜ் படிக்கிற பையன், மீசை முளைத்தவன், வாசலில் நின்று தேம்பித் தேம்பி அழுதான். தம்பிக்கு அக்கா மேல் எவ்வளவு பாசம் என்று கல்யாண வீடே உருகியது. அவன் அட்டைக்காக அழுகிறான் என்று எனக்குத் தெரியும். காரில் சிரித்துக்கொண்டே வந்தேன்.

கொரட்டூருக்கு வந்ததும் அட்டைகளை ஓர் ஆல்பத்தில் போட்டேன். இன்சூரன்ஸ் ஏஜெண்டு ஒருவர் கொடுத்த விசிட்டிங் கார்டு ஆல்பம் அது. கண்ணாடி போன்ற பைகள், தொட்டால் மெத்தென்று இருக்கும், புது மழைக்கோட்டு வாசனை அடிக்கும். அந்த வாசனையை மோந்து பார்த்து, இதைவிட உயர்ந்த இடம் அட்டைகளுக்குக் கிடையாது என்று முடிவுசெய்தேன். ஒரு துணியில் சுற்றிப் பரணில் வைத்தேன். பதினாறு வருடம். இந்த ஊர் வெயிலில், மொட்டை மாடிக்கு நேர் கீழே.

இப்போது எடுத்துத் திறந்தால் பக்கங்கள் திறக்க மறுத்தன. விரலில் எண்ணெய் மாதிரி ஒரு பிசுக்கு. முதல் பையிலிருந்த அட்டையை உருவினேன். வரவில்லை. கொஞ்சம் அழுத்தி இழுத்தேன். அட்டை வந்தது, மட்டையாளரின் முகம் வரவில்லை. அது பிளாஸ்டிக்கிலேயே தங்கிவிட்டது. கையில் ஹெல்மெட்டும் மட்டையும் மட்டும் இருந்தன, நடுவே வெள்ளை.

நான் அலறியதில் என் கணவர் குளியலறையிலிருந்து பாதி சோப்போடு வந்தார். அவர் எஸ்டேட்டில் பிளாஸ்டிக் மோல்டிங் யூனிட்டில் இருபது வருடமாக வேலை பார்க்கிறவர். ஷேர் ஆட்டோவில் ஆரம்பித்த எங்கள் காதலில் அவர் என்னிடம் முதலில் பேசிய விஷயமே, நான் வைத்திருந்த டிபன் பாக்ஸ் மட்டமான பிளாஸ்டிக் என்பதுதான். ஆல்பத்தை வாங்கி மூக்கருகே வைத்தார்.

"பிவிசி," என்றார். "இது பொறப்புல கல்லு மாரி கீற சாமான். எண்ணெய ஊத்தி மெத்துனு பண்ணிக்கிறான். நீ ஆசையா மோந்தியே ஒரு வாசன, அது அந்த எண்ணெய்தான். சூட்டுல அது வெளிய வந்துகினு உன் கார்டுல எறங்கிச்சு."

"இத பதினாறு வருஷம் முன்னாடி சொல்றதுக்கென்ன?"

"நீ எங்க என்னாண்ட காமிச்ச? நான் தொட்டா அழுக்காயிடும்னு துணில சுத்தி மேல வெச்சிட்ட."

 சோப்பு காய்கிறது என்று அவரைக் குளிக்கப் போகச் சொன்னேன்.

அன்று முழுக்க இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு பையையும் பிளேடால் மூன்று பக்கமும் கீறினோம். அட்டையை இழுக்கக் கூடாதாம், அட்டையை மேஜையில் வைத்துப் பிளாஸ்டிக்கைத்தான் மெதுவாக உரிக்க வேண்டுமாம். மெஷினிலிருந்து சூடான வார்ப்பை எடுத்துப் பழகிய கை. நான் தொட்டால் கிழிகிறது, அவர் தொட்டால் வருகிறது. பளபளப்பு போனவை உண்டு, ஓரம் மங்கியவை உண்டு, ஆனாலும் வந்துவிட்டன. பன்னிரண்டாம் எண் அட்டை, பின்னால் இருந்த அதிகாரப்பூர்வ எச்சரிக்கையோடு முழுசாக வந்தது. கடைசியில் எண்ணினேன். முப்பத்தொன்பது.

மறுபடி எண்ணினேன். நாற்பதாம் எண்ணைக் காணவில்லை. பரண், பீரோ, துணி மடிப்பு, ஆல்பத்தின் மேலட்டைக்குள் எல்லாம் பார்த்தேன். இல்லை. ஒரு கோடை முழுக்கப் பல்லைக் கொடுத்து வாங்கிய ஆள். வாங்கிய அன்று இருந்த மாதிரி இருக்கிறது என்று நான் வாய்கூசாமல் சொன்னதில் ஒருவர் முகமில்லாமல் இருந்தார், ஒருவர் ஆளே இல்லை.  மிச்சத்தையாவது ஒழுங்கான உறையில் போட்டுத் தம்பி கையில் கொடுக்காவிட்டால் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்காட்டுவான்.

இணையத்தில் தேடினேன். விஷயம் எளிதுதான்: பிவிசி வேண்டவே வேண்டாம், பாலிப்ரொப்பிலீன் என்ற பிபி நல்லது, பாலியஸ்டரும் நல்லது. "அமிலமற்றது, நூறு சதவீதம் பாதுகாப்பானது" என்று போட்ட ஓர் உறையை வரவழைத்தேன். பிரித்ததும் மெத்தென்று இருந்தது. மழைக்கோட்டு வாசனை வந்தது. கணவர் ஒரு மூலையைக் கத்தரித்து, ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்ட டம்ளரில் அமுக்கிவிட்டார். அது நேரே அடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

"பிபியா இருந்தா மெதக்கும்," என்றார். "ஆனா முழுகுறதெல்லாம் கெட்டதுன்னு கெடையாது, பாலியஸ்டரும் முழுகும். கொளுத்திப் பாத்தாதான் தெரியும்."

எஸ்டேட்டில் அவர்கள் எல்லோருடைய பழக்கமும் இதுதான். மூட்டையில் என்ன எழுதியிருந்தாலும் நம்ப மாட்டார்கள். ஒரு துண்டைக் கொளுத்தி மோந்து பார்த்துவிட்டுத்தான் மெஷினில் போடுவார்கள். இந்த வீட்டில் யூனிட் வேலை செய்யக் கூடாது என்பது என் சட்டம். அன்று சட்டத்தைத் தள்ளிவைத்தேன். அவர் இடுக்கியில் பிடித்து அடுப்பில் காட்டினார். தீயின் ஓரம் பச்சையாக எரிந்தது, வெளியே எடுத்ததும் அணைந்தது, ஒரு நெடி கிளம்பி மூக்கை அறுத்தது. எதிர் வீட்டுக்காரர் கேஸ் கசிகிறதா என்று கேட்டுக் கதவைத் தட்டினார். கிரிக்கெட் அட்டை என்றேன். அவர் அதன்பிறகு எங்களிடம் ஒன்றும் கேட்பதில்லை.

அடுத்த நான்கு நாள் எனக்குப் பித்துப் பிடித்திருந்தது. ஒரு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வீட்டிலிருந்த எல்லா பிளாஸ்டிக்கிலும் மூலை வெட்டினேன். புடவை உறை, பாஸ்புக் உறை, கணவரின் மழைக்கோட்டில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடம். சமையல் மேடையில் எட்டு டம்ளர் வரிசையாக நின்றன. டெஸ்டிங் என்றால் அப்படித்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதி ஒட்டினேன். என் மாமியார் தாகத்துக்குப் பாஸ்புக் டம்ளரைத் தூக்கி வாயருகே கொண்டுபோனதை ஓடிப்போய்த் தடுத்தேன்.

"ஒரு வாய் தண்ணி குடிக்கக்கூட இந்த ஊட்ல பரிச்ச எழ்தணுமா?" என்றார் அவர்.

ஸ்டேஷனரி கடைக்காரர்கள் உதவவில்லை. "என்ன பிளாஸ்டிக்?" என்று கேட்டால் "நல்ல பிளாஸ்டிக் மேடம்" என்றார்கள். கடைசியில் வழி காட்டியது பீரோவிலிருந்த ஒரு கல்யாணப் பத்திரிகை. அதன் மேலிருந்த மெல்லிய உறையை நான் கசக்கியதும் கணவர் டிவியிலிருந்து திரும்பினார்.

"அத இன்னொரு வாட்டி கசக்கு. சலசலன்னுதுல்ல? அதான் பிபி. சத்தம் போட்டுகினே கீறது ஒண்ணும் பண்ணாது. சத்தம் போடாம மெத்துனு ஒட்டிக்கிதுல்ல, அதுதான் ஆள காலி பண்ணும்."

"என்னைய சொல்றீங்களா?"

"நீ பிபிம்மா. அக்மார்க்கு பிபி."

டம்ளரில் போட்டோம், மிதந்தது. கொளுத்தினோம், மெழுகுவத்தி வாசனை வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாதி மகிழ்ச்சி, பாதி புகை.

அந்த உறை விற்கும் மொத்தக் கடை குமணன்சாவடியில் இருந்தது. அட்டையின் நீளம் அகலம் எழுதிய சீட்டை நீட்டினேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, "கமர்கட்டா, எள்ளுருண்டையா?" என்றார்.

"கிரிக்கெட் அட்டை."

"அது எத்தினி கிராம் வரும்?"

ஓரத்தில் பசை இல்லாத உறையாகக் கேட்டேன். பசை இருந்தால் அட்டை அதில் மாட்டிக்கொள்ளும் என்று படித்திருந்தேன். இருந்தது. நாற்பது வேண்டும் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, இங்கே எண்ணிக்கை கிடையாது, ஒரு கிலோவுக்குக் குறைந்து கொடுப்பதில்லை என்றார். ஒரு கிலோவில் எவ்வளவு உறை இருக்கும் என்று அன்று வரை எனக்குத் தெரியாது. அந்த உறையில்தான் எங்கள் வீட்டில் இன்றும் ஊக்கு, கிராம்பு, ஏலக்காய், மாத்திரை எல்லாம் இருக்கின்றன. என் பேரப்பிள்ளைகளுக்கும் மிச்சம் இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் முப்பத்தெட்டு அட்டைகளை உறையில் போட்டு முடித்தேன். பன்னிரண்டாம் எண் மட்டும் லேசாக வளைந்திருந்ததால் இரண்டு அகராதிகளுக்கு நடுவே வைத்துவிட்டு ஆபீஸ் போனேன். சாயங்காலம் வந்தபோது மாமியார் முகமெல்லாம் சிரிப்பாக வாசலில் நின்றார்.

"கண்ணு, நீ இத்தினி நாளா அதுக்கோசரம் அழுதுகினு கீறியே. நான் பார்த்துகினே இருந்தேன். தோ பாரு."

கையில் பன்னிரண்டாம் எண். லேமினேஷன் செய்யப்பட்டு, வெயிலில் பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது. ஜெராக்ஸ் கடைக்காரர் ஐடி கார்டு என்று நினைத்து மேல் விளிம்பில் ஓட்டை போட்டு, ஒரு கிளிப்பையும் இலவசமாக மாட்டிவிட்டிருந்தார்.

இங்கே என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளானூரில் கூலி வேலை பார்த்த குடும்பம். அவர்கள் பேரில் முதன்முதலாக வந்த காகிதம் ஒரு வீட்டுமனைப் பட்டா. ஒரு மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து பட்டா கூழாகிப்போனது. நகல் வாங்க அவர் தாலுகா ஆபீசுக்கு நடந்த நடையில் இரண்டு ஜோடி செருப்பு தேய்ந்தது என்பார். நகல் கைக்கு வந்த அன்றே லேமினேஷன் செய்தார். அன்றிலிருந்து அவருக்கு ஒரு பொருள் மேல் மரியாதை வந்தால் அது லேமினேஷனுக்குப் போய்விடும். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், மகனின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், எங்கள் கல்யாணப் பத்திரிகை, ஒருமுறை அரச இலை ஒன்று. இந்த வீட்டில் அதற்கு மேல் ஒரு பொருளுக்குக் கௌரவம் செய்ய முடியாது.

அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. சூட்டில் பசையோடு உருகி ஒட்டியது இனி எந்த ஜென்மத்திலும் பிரியாது. மாமியாரிடம் கத்த முடியாமல் பால்கனிக்குப் போய்த் துளசிச் செடியிடம் கத்தினேன். கணவர் பின்னாலேயே வந்தார்.

"நீங்க பிளாஸ்டிக்காரர்தானே, உங்கம்மாகிட்ட சொல்றதுக்கென்ன?"

"இன்னான்னு சொல்ல? என் மார்க் சீட்டயே இன்னிக்கி வரிக்கும் என்னால உரிக்க முடில."

சனிக்கிழமை தம்பி வந்தான். தொப்பை போட்டிருந்தது, முன்னந்தலையில் முடி குறைந்திருந்தது. சாப்பிட்டு முடிக்கும்வரை கூடப் பொறுக்காமல், "எங்க, எடு," என்றான். சலசலக்கும் முப்பத்தெட்டு உறைகளையும் மேலே கிளிப்போடு பன்னிரண்டாம் எண்ணையும் தட்டில் வைத்து, சம்பந்தி வீட்டுக்குத் தாம்பூலம் கொடுப்பதுபோல் நீட்டினேன். பிவிசி, எண்ணெய், வெயில் என்று தயார்செய்து வைத்திருந்த விளக்கத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்.

அவன் கேட்டதாகவே தெரியவில்லை. முகமில்லாத மட்டையாளரைப் பார்த்து, "இவன் எப்பவும் டக் அவுட்தான், மூஞ்சிய எங்க காட்டுவான்," என்றான். பன்னிரண்டைத் திருப்பினான். "இது என்னுது. அக்கா தொடக் கூடாது." படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். கிளிப்பைச் சட்டைப் பையில் மாட்டிக்கொண்டு, "எப்படி அத்தை இருக்கு?" என்று மாமியாரிடம் கேட்டான். "கலெக்டர் மாரி கீது," என்றார் அவர், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு.

நான் மிச்சத்தையும் சொல்லித்தானே ஆக வேண்டும். "டேய், நாற்பதாம் நம்பரைக் காணோம்டா. எங்க போச்சுன்னே தெரியல. மன்னிச்சிரு."

அவன் சிரிப்பு நின்றது. பேன்ட் பையிலிருந்து பர்ஸை எடுத்தான். ஏதோ ரசீதுக்கும் டிரைவிங் லைசென்ஸுக்கும் நடுவிலிருந்து ஓர் அட்டையை உருவினான். இடதுகை சுழற்பந்து வீச்சாளர். நடுவில் மடிப்பு விழுந்து, நான்கு மூலையும் மழுங்கி, நிறம் மங்கி இருந்தார். உறை கிடையாது, ஒன்றும் கிடையாது. ஆனால் முகம் முழுசாக இருந்தது.

"உன் கல்யாணத்தன்னிக்கு எடுத்தேன். உன் பெட்டியிலருந்து."

"திருட்டுப் பயலே! திருடிட்டா வாசல்ல நின்னு அப்படி அழுத?"

"நீ போய்ச் சேந்ததும் எண்ணிப் பாப்ப, ஒண்ணு குறையுதுன்னு போன் பண்ணிக் கத்துவன்னு நெனச்சேன்க்கா. நைட்டே பண்ணுவன்னு பாத்தேன். அப்புறம் தீபாவளிக்குப் பண்ணுவன்னு பாத்தேன்." அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நீ எண்ணவே இல்ல."

  பதினாறு வருடமாக எதையும் தொலைக்காதவள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்திருக்கிறேன். ஒருநாள் திறந்து எண்ணியிருந்தால் போதும். வெட்கமாக இருந்தது. அதைவிட, அவன் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்தால் அழுகை வந்தது. அழுதேன்.

என் அழுகையைப் பார்த்ததும் மாமியார் எழுந்தார். தம்பியின் முன்னால் கையை நீட்டினார்.

"அத இப்டி குடு நைனா. கட தொறந்துதான் கீது. அஞ்சு நிமிசம்."

"வேணாம்!" என்று நானும் தம்பியும் கணவரும் ஒரே குரலில் கத்தியதில் எதிர் வீட்டுக் கதவு திறந்து, உடனே மூடிக்கொண்டது.

அவன் கிளம்பும்போது அட்டைகளைக் கொண்டுபோகவில்லை. "இங்கேயே இருக்கட்டும்," என்றான். பன்னிரண்டாம் எண்ணை மாமியாரிடமே கொடுத்தான். அது ரேஷன் கார்டுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. நாற்பதை மட்டும் பழையபடி பர்ஸில் செருகிக்கொண்டான். உறை ஒன்று தரட்டுமா என்று கேட்டேன், என்னிடம்தான் ஒரு கிலோ இருக்கிறதே. வேண்டாம் என்றான்.

அவன் போய் ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தட்டை மடியில் வைத்துக்கொண்டு அட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணினேன். ஆணியில் தொங்குவதையும் சேர்த்துக்கொண்டேன். பிறகு போன் செய்தேன். அவன் எடுத்ததும் நலமா என்றுகூட நான் கேட்கவில்லை.

"டேய், எண்ணிட்டேன். ஒண்ணு குறையுது. எங்கடா வச்சிருக்க, திருட்டுப் பயலே?"



"கத்துக்கா," என்றான். "இன்னும் கொஞ்சம் கத்து."